வென்ற அன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்

2023 ஒருநாள் உலகக் கோப்பையில் இந்திய அணி எடுத்த இரண்டு ஸ்கோர்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். அக்டோபர் 29 அன்று லக்னோவில் இங்கிலாந்துக்கு எதிராக 9 விக்கெட் இழப்புக்கு 229. நவம்பர் 19 அன்று அகமதாபாத் இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 240. இரண்டு ஆட்டங்களிலும் எதிரணிதான் டாஸ் வென்று நம்மை முதலில் ஆடச் சொன்னது. லக்னோவில் ஷமியும் பும்ராவும் இங்கிலாந்தை 129 ரன்னில் சுருட்டியதால் 100 ரன் வித்தியாசத்தில் வென்றோம். அகமதாபாத்தில் டிராவிஸ் ஹெட் 137 ரன் குவித்துக் கோப்பையைத் தட்டிப் பறித்தார். இந்த இரண்டு நாள்களிலும் ஆட்டம் முடிந்ததும் ரோஹித் சர்மா என்ன சொன்னார் என்பதுதான் இங்கே முக்கியம். லக்னோவில், பேட்டிங் சரியாக அமையவில்லை, 30 ரன் குறைவாகத்தான் எடுத்தோம் என்றார். அகமதாபாத்தில், இன்னும் 20, 30 ரன் எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். மூன்று வார இடைவெளியில் ஒரே கேப்டன் ஒரே குறையைத்தான் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். முதல் முறை அது வெற்றிக் கொண்டாட்டத்தில் கரைந்துபோனது. இரண்டாம் முறை நாடே மாதக்கணக்கில் அதைப் பற்றிப் பேசியது.

ஆட்டம் முடிந்தபின் வீரர்களும் பயிற்சியாளர்களும் தங்கள் அணியைப் பற்றிப் பேசுவதில் உள்ள அடிப்படைச் சிக்கல் இதுதான். எதை ஆராய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை ஆட்டத்தின் முடிவே தீர்மானித்துவிடுகிறது. தோற்றால் விசாரணை, வென்றால் வாழ்த்து. ஆனால் அணியின் பலவீனம் முடிவைப் பார்த்து வருவதில்லை. ஹர்திக் பாண்டியா காயத்தால் விலகிய பிறகு, அந்த உலகக் கோப்பையில் எட்டாம் இடத்தில் ஷமி பேட்டிங் செய்ய வேண்டிய நிலை. முதல் ஆறேழு பேருக்குப் பின்னால் ரன் எடுக்க ஆளில்லை என்ற அச்சம் நடு ஓவர்களில் பேட்டை இறுக்கிப் பிடிக்க வைக்கும். அகமதாபாத்தில் அதுதான் நடந்தது. முதல் 10 ஓவரில் 80 ரன் எடுத்த அணி, அடுத்த 40 ஓவர்களில் அடித்தது வெறும் நான்கு பவுண்டரிகள். கே.எல்.ராகுல் 66 ரன் எடுக்க 107 பந்துகள் ஆடினார். இந்த நெருக்கடியின் முன்னோட்டம் லக்னோவிலேயே தெரிந்தது. அதற்குப் பிறகு இலங்கையை 55 ரன்னுக்கும் தென்னாப்பிரிக்காவை 83 ரன்னுக்கும் சுருட்டிய பந்துவீச்சு அதை மூடி மறைத்துவிட்டது. பத்து ஆட்டங்களைத் தொடர்ந்து வென்ற அணியிடம் போய்க் குறை கேட்கத் துணிபவர் யார்?

ஆகவே என் வாதம் இது: தோற்ற அன்று கேட்கும் அதே கேள்விகளை, அதே கறாருடன், வென்ற அன்றும் கேட்கும் அணிதான் உண்மையில் தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்கிறது. மற்றவர்கள் செய்வது தோல்விக்கான துக்க விசாரிப்பு மட்டுமே. இதை வெறும் ஒழுக்கப் போதனையாகச் சொல்லவில்லை. மனித மனம் இயங்கும் விதம் அப்படி. 1988-ல் ஜொனாதன் பேரன், ஜான் ஹெர்ஷி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். அறுவை சிகிச்சை செய்யலாமா என்று ஒரு மருத்துவர் எடுத்த முடிவை விவரித்து, அது சரியான முடிவா என்று கேட்டார்கள். மருத்துவருக்குத் தெரிந்த தகவல்கள் எல்லாம் அப்படியே இருக்க, நோயாளி பிழைத்தார் என்று சொன்னபோது ஒரு மதிப்பெண், இறந்தார் என்று சொன்னபோது வேறொரு மதிப்பெண் கிடைத்தது. முடிவெடுத்த நேரத்தில் யாருக்கும் தெரிந்திருக்க முடியாத ஒன்றை வைத்து, முடிவெடுத்தவரின் அறிவை மக்கள் எடைபோட்டார்கள். கேப்டன் டாஸ் வென்று எடுக்கும் முடிவையும், கடைசி ஓவரை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவையும் நாம் அன்றாடம் இப்படித்தான் எடைபோடுகிறோம். கேப்டன்களும் தங்களை அப்படியே எடைபோட்டுக்கொள்கிறார்கள்.

நினைவும் கைகொடுப்பதில்லை. 1986-ல் இயன் ஃபிராங்க்ஸ், கேரி மில்லர் இருவரும் ஒரு சர்வதேசக் கால்பந்து ஆட்டத்தின் 45 நிமிடங்களைப் பயிற்சியாளர்களுக்குக் காட்டிவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார்கள். பாதிகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவர்கள் அனுபவம் குறைந்தவர்கள் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் தகுதிச் சான்று பெற்ற பயிற்சியாளர்களை வைத்து 2008-ல் நடந்த இன்னொரு ஆய்விலும் முக்கிய நிகழ்வுகளில் ஏறத்தாழ 59 சதவீதமே நினைவில் நின்றது. மிச்சத்தை மனம் எதைக்கொண்டு நிரப்பும்? ஸ்கோரைக் கொண்டுதான். வென்றிருந்தால் நல்ல ஆட்டமாகவும், தோற்றிருந்தால் சொதப்பலாகவும் நினைவு திருத்தி எழுதப்படும். பரிசளிப்பு மேடையில் முதலில் தோற்ற கேப்டனை அழைத்து, வியர்வை காயும் முன்பே 'எங்கே தவறு நடந்தது?' என்று கேட்கிறோம். அவர் சொல்லும் பதில் பொய்யல்ல. ஆனால் அது ஆய்வும் அல்ல.

வெற்றி குறையை மறைத்துவிடும் என்பதற்கு நல்ல சான்று 2024-ன் இந்திய டெஸ்ட் பருவம். செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிரான டெஸ்ட். ஹசன் மஹ்மூத் வீச்சில் ரோஹித், கில், கோலி மூவரும் நடையைக் கட்ட, இந்தியா 34 ரன்னுக்கு 3 விக்கெட், பிறகு 144 ரன்னுக்கு 6 விக்கெட். அங்கிருந்து அஸ்வினும் ஜடேஜாவும் 199 ரன் சேர்த்தார்கள். சொந்த ஊரில் 113 ரன் எடுத்து, இரண்டாம் இன்னிங்ஸில் 6 விக்கெட்டும் வீழ்த்திய அஸ்வினை ஊரே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். இந்தியா 280 ரன் வித்தியாசத்தில் வென்றது. ஆனால் பந்து கொஞ்சம் அசைந்தால் நம் முன்வரிசை ஆட்டக்காரர்கள் ஏன் தடுமாறுகிறார்கள் என்ற கேள்வி அந்த வெற்றியில் எழவே இல்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 17 அன்று பெங்களூருவில் நியூசிலாந்துக்கு எதிராக 46 ரன்னுக்கு ஆல் அவுட். இந்திய மண்ணில் நம் அணியின் மிகக் குறைந்த டெஸ்ட் ஸ்கோர். ஐந்து பேர் டக் அவுட். மாட் ஹென்றிக்கு 5 விக்கெட், வில் ஓ'ரூர்க்குக்கு 4. சேப்பாக்கத்தில் அடித்த மணி பெங்களூருவில்தான் காதில் விழுந்தது.

அன்று மாலையே ரோஹித் செய்தியாளர்கள் முன் வந்து, ஆடுகளத்தைத் தவறாகக் கணித்துவிட்டேன், டாஸ் வென்று பேட்டிங்கைத் தேர்ந்தெடுத்தது என் தவறு என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை மனதார மதிக்கிறேன். பயிற்சியாளரையோ வேறொரு வீரரையோ அனுப்பிவிட்டு அவர் அறையிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஒப்புதலையும் ஸ்கோர்போர்டுதான் வரவழைத்தது என்பதை மறக்கக் கூடாது. முதல் இன்னிங்ஸில் 46 எடுத்த அதே அணி இரண்டாம் இன்னிங்ஸில் 462 எடுத்தது. டாஸ் தவறு மட்டும்தான் கோளாறு என்றால் கதை பெங்களூருவோடு முடிந்திருக்க வேண்டும். புணேயில் 113 ரன் வித்தியாசத்திலும் மும்பையில் 25 ரன் வித்தியாசத்திலும் தோற்று, சொந்த மண்ணில் 12 ஆண்டுகளாகக் காத்துவந்த பெருமையை இந்தியா இழந்தது. பிறகு ஆஸ்திரேலியா. பெர்த்தில் முதல் இன்னிங்ஸ் 150 ரன். ஆனால் பும்ராவின் தயவில் 295 ரன் வித்தியாசத்தில் வெற்றி. மறுபடியும் வெற்றி வந்து கேள்வியை மூடியது. அடுத்த நான்கு டெஸ்டுகளில் மூன்று தோல்வி, ஒரு டிரா. தொடர் 3-1 எனக் கைவிட்டுப் போனது.

தொடரை இழந்த பிறகு ஆய்வுக் கூட்டம் நடந்தது. 2025 ஜனவரியில் இந்திய கிரிக்கெட் வாரியம் வீரர்களுக்கு வகுத்ததாகப் பத்து அம்ச நெறிமுறை ஒன்று செய்திகளில் வெளியானது. உள்நாட்டுப் போட்டிகளில் ஆடுவது கட்டாயம் என்பது அதில் இருந்தது; அது ஆட்டம் சார்ந்த நல்ல முடிவு. ஆனால் அதே பட்டியலில் குடும்பத்தினர் எத்தனை நாள் உடன் தங்கலாம், பெட்டி படுக்கை எத்தனை கிலோ இருக்கலாம், தனி உதவியாளர்களை அழைத்து வரலாமா என்பவையும் இருந்தன. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வரும் பந்தைத் துரத்தி ஆட்டமிழப்பதற்கும் பெட்டியின் எடைக்கும் என்ன தொடர்பு? வருத்தத்திலும் கோபத்திலும் நடக்கும் ஆய்வு இப்படித்தான் வழி தவறும். தண்டிக்க ஏதாவது ஒன்று தேவைப்படும்போது, கைக்கு எட்டுவது ஒழுங்கு விதிகள்தான்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம் அணியிடமே இருக்கிறது. 2020 டிசம்பர் 19, அடிலெய்டு. 36 ரன்னுக்கு ஆல் அவுட்; ஒருவர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. பேட்ஸ்மேன்களிடம் முனைப்பு போதவில்லை என்று ஆட்டம் முடிந்ததும் விராட் கோலி சொன்னார். அந்த நேரத்தின் வலி பேசிய பேச்சு அது. ஆனால் அன்று இரவு அணி நிர்வாகத்தினர் கூடிப் பேசியது வேறு. அஸ்வினின் யூடியூப் சேனலில் ஃபீல்டிங் பயிற்சியாளர் ஆர்.ஸ்ரீதர் விவரித்த பிறகுதான் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. நள்ளிரவு கடந்தும் நடந்த அந்தப் பேச்சில், இந்த 36-ஐ ஒரு பதக்கம்போல் அணிந்துகொள்ளுங்கள் என்ற பொருளில் ரவி சாஸ்திரி பேசினார். அதைவிட முக்கியம், அவர்கள் எடுத்த முடிவு. 36 ரன்னில் சுருண்ட அணி, அதுவும் கோலி விடுப்பில் ஊர் திரும்பும் நேரத்தில், இன்னொரு பேட்ஸ்மேனைத்தான் சேர்க்கும் என்று எவரும் நினைப்பார்கள். அவர்கள் கோலியின் இடத்தில் ஜடேஜாவைச் சேர்த்து ஐந்து பந்துவீச்சாளர்களுடன் மெல்போர்னில் இறங்கினார்கள். ஏன்? அடிலெய்டு முதல் இன்னிங்ஸில் 53 ரன் முன்னிலை பெற்றது இதே அணிதான். 36 ரன் இன்னிங்ஸில் ஹேசல்வுட்டும் கம்மின்ஸும் பிரமாதமாக வீசினார்கள், தொட்ட பந்தெல்லாம் கேட்ச்சாகப் போனது. விக்கெட் கீப்பர் டிம் பெய்ன் மட்டும் ஐந்து கேட்ச் பிடித்தார். அப்படியொரு மணி நேரம் திரும்ப வருவது அரிது. ஸ்கோரை மறைத்துவிட்டுப் பார்த்தால் அணிக்குத் தேவைப்பட்டது 20 விக்கெட் வீழ்த்தும் பலம். மெல்போர்னில் ரஹானே 112, ஜடேஜா 57, எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. தொடர் 2-1 என நமக்கு வந்தது. தோல்வியின் அளவைக் கண்டு மிரளாமல் ஆட்டத்தை மட்டும் பார்த்ததன் பலன் அது. இந்தப் பார்வை வெற்றிக்குப் பின்னும் வேண்டும் என்கிறேன்.

இதற்கு முதலில் வரும் மறுப்பு, வென்ற அணியைச் சீண்டாதே என்பது. வீரர்களின் நம்பிக்கை குலைந்துவிடும், வெற்றியில் திளைக்கவும் ஒரு பொழுது வேண்டும் என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. வென்ற இரவிலேயே குற்றப்பட்டியல் வாசிக்கும் பயிற்சியாளரை எந்த வீரருக்கும் பிடிக்காது. ஆனால் ஆராய்ச்சி வேறு திசையைக் காட்டுகிறது. இஸ்ரேலிய ராணுவத்தில் வழிகண்டறியும் பயிற்சியில் இருந்த வீரர்களை வைத்து ஷ்மூயல் எல்லிஸ், இன்பார் டேவிடி இருவரும் 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் ஒவ்வொரு நாளும் தவறியவற்றை மட்டும் அலசினார்கள். இன்னொரு பிரிவினர் தவறியவற்றோடு சரியாக அமைந்தவற்றையும் அலசினார்கள். இரண்டாம் பிரிவினரின் முன்னேற்றமே அதிகம். வென்ற ஆட்டத்தை ஆராய்வது குறை தேடுவது மட்டுமல்ல. எது நம் திட்டத்தால் நடந்தது, எது எதிரணியின் தடுமாற்றத்தால் கிடைத்தது என்று பிரித்தெடுப்பது. அப்படிப் பிரித்துப் பார்த்த அணிக்குத் தன் பலத்தின் மீது வரும் நம்பிக்கை காற்றடித்தால் கலையாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. தொழில்முறை விளையாட்டில் முடிவுதானே கணக்கு? ரசிகர் சீட்டு வாங்குவது வெற்றியைப் பார்க்கத்தான். நன்றாக யோசித்துத் தோற்றோம் என்று சொல்லி எந்தப் பயிற்சியாளரும் பதவியில் நீடிக்க முடியாது. இதை முழுமையாக ஏற்கிறேன், ஒரு திருத்தத்துடன். ஐந்து ஆண்டுகளில், ஐம்பது ஆட்டங்களில் முடிவு பொய் சொல்லாது. ஒற்றை ஆட்டத்தில் அது தாராளமாகப் பொய் சொல்லும். டாஸ், பனி, விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்கு முன்னால் விழும் பந்து, நடுவரின் ஒரு தீர்ப்பு எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு நாளின் முடிவு. ஐம்பது ஆட்டங்களின் கணக்கு நன்றாக வரவேண்டும் என்று விரும்புகிறவர், ஒற்றை ஆட்டத்தின் முடிவை நம்பி ஆய்வைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

கோபத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2025 மகளிர் உலகக் கோப்பையில் இந்திய அணி அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் தோற்றது. இந்தூரில் இங்கிலாந்திடம் கைக்கு எட்டிய ஆட்டத்தை 4 ரன்னில் விட்ட இரவு, பயிற்சியாளர் அமோல் மஜும்தார் டிரெஸ்ஸிங் ரூமில் கடுமையாகப் பேசியதாக ஹர்மன்பிரீத் கவுர் பின்னர் சொன்னார். அந்தச் சூடு வீரர்களைத் தட்டி எழுப்பியிருக்கலாம். ஆனால் கோப்பையை வெல்ல உதவியதில் நிதானமான ஒரு திருத்தத்துக்கும் பங்குண்டு: இங்கிலாந்து ஆட்டத்தில் உட்கார வைக்கப்பட்ட ஜெமிமா ரோட்ரிக்ஸ் மீண்டும் அணிக்கு வந்தார். நியூசிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 76, அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 339 என்ற இலக்கை விரட்டி ஆட்டமிழக்காமல் 127. சூடான பேச்சு ஓர் இரவுக்கு உதவும். யாரை ஆடவைப்பது என்பதைச் சூடு ஆறிய பிறகே தீர்மானிக்க முடியும்.

வென்றபின் பேசும் பழக்கத்தை நாம் வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. சதுரங்கத்தில் ஆட்டம் முடிந்ததும் வென்றவரும் தோற்றவரும் அதே பலகையில் உட்கார்ந்து நகர்வுகளை மீண்டும் அலசுவது நெடுநாள் வழக்கம். ஒவ்வொரு நகர்வும் எழுதி வைக்கப்படுவதால் நினைவு ஏமாற்ற முடியாது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியனான சென்னை இளைஞர் குகேஷ், அன்றைய செய்தியாளர் சந்திப்பில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். எதிராளி டிங் லிரென் 55-வது நகர்வில் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தியதை உடனே கவனிக்கவில்லை, வேறொரு நகர்வை ஆடவிருந்தேன், பிறகுதான் கண்ணில் பட்டது என்றார். வாழ்வின் மிகப் பெரிய வெற்றி கையில் இருக்கும்போது, அது நழுவியிருக்கக்கூடிய கணத்தை அவர் உலகத்துக்கே சொன்னார். எந்தத் தோல்வியும் அவரை அதைச் சொல்லக் கட்டாயப்படுத்தவில்லை. சதுரங்கம் தனிநபர் ஆட்டம், அங்கே இது எளிது, பதினோரு பேர் கொண்ட அணியில் ஒருவரின் குறையைப் பேசினால் மனக்கசப்பு வரும் என்று வாதிடலாம். மனக்கசப்பு வருவது தோற்ற நாளில் மட்டும் பேசுவதால்தான். எப்போதும் நடக்கும் பேச்சில் ஒருவரின் பெயர் வருவதற்கும், பழி தேடும் பேச்சில் அவர் பெயர் வருவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

இதில் பத்திரிகைகளுக்கும் பங்கு இருக்கிறது. 2021-ல் பிரெஞ்சு ஓபனில் செய்தியாளர் சந்திப்பைத் தவிர்த்த நவோமி ஒசாகாவுக்கு 15,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் போட்டியிலிருந்தே விலகினார். மன அழுத்தத்தில் இருக்கும் வீரரை ஆட்டம் முடிந்த கையோடு மேடையேற்றி நாம் பெறுவது என்ன என்று அன்று எழுந்த விவாதம் பாதியில் நின்றுவிட்டது. உடனடிச் சந்திப்பைச் சுருக்கலாம். அதற்குப் பதிலாகத் தொடர் முடிந்த சில நாள்களில் தலைமைப் பயிற்சியாளர் விரிவாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். ஆஸ்திரேலிய வாரியம் 2010-11 ஆஷஸ் தொடரை இழந்தபின் டான் ஆர்கஸ் தலைமையில் ஆலன் பார்டர், மார்க் டெய்லர், ஸ்டீவ் வா ஆகியோரைக் கொண்ட குழுவை அமைத்து, அதன் பரிந்துரைகளை வெளியிட்டது. ரசிகர்கள் அதைப் படித்து விவாதித்தார்கள். நம் வாரியத்தின் ஆய்வுகள் கசிந்த செய்திகளாகவே நம்மை வந்தடைகின்றன. வென்ற தொடருக்கும் அப்படியோர் அறிக்கை வரவேண்டும் என்பது பேராசையாகத் தெரியலாம். கேட்காமல் எதுவும் வராது.

வீடியோ ஆய்வாளரும் தரவு நிபுணரும் உள்ள பெரிய அணிகளுக்குத்தான் இது சாத்தியம் என்றும் சொல்வார்கள். மாவட்ட லீக்கில் ஆடும் அணிக்கும், பள்ளி, கல்லூரிப் பயிற்சியாளருக்கும் இதற்குத் தேவை ஒரு நோட்டுப் புத்தகம்தான். ஆட்டம் தொடங்கும் முன், இன்று எடுக்கப்போகும் மூன்று முக்கிய முடிவுகளையும் அவற்றுக்கான காரணங்களையும் எழுதி வைக்கட்டும்: டாஸ் வென்றால் என்ன, புதுப் பந்து யாருக்கு, எதிரணியின் எந்தப் பேட்ஸ்மேனுக்கு என்ன திட்டம். ஓரிரு நாள் கழித்து, ஸ்கோர் புத்தகத்தைத் திறக்கும் முன் அந்தப் பக்கத்தை அணியின் முன் வாசிக்கட்டும். அன்றைக்குத் தெரிந்த தகவல்களை வைத்து இந்தக் காரணங்கள் சரியா என்று மட்டும் முதலில் கேட்கட்டும். பதினைந்து வயதுப் பையனோ பெண்ணோ அந்தக் கூட்டத்தில் கைதூக்கி, 'சார், நாம ஜெயிச்சோம், ஆனா புதுப் பந்தை அவனுக்குக் கொடுத்தது தப்பு' என்று சொல்லத் துணிந்தால், அதைக் கேட்டுப் பயிற்சியாளர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளட்டும்.